வாய்தா பிடிக்காதவர்

"சார், உங்க சர்வீஸ்ல எத்தனை பேரை வாய்தா போட்டே கொன்னிருப்பீங்க?"

அந்த அம்மாள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இது. தீபாவளிக்காக எடுத்திருந்த வாடகை மண்டபம். என் கையில் காகிதத் தட்டு, வாயில் பாதி வடை. "அப்பா திருநெல்வேலி ஜில்லா கோர்ட்டுல சிரஸ்தாரா இருந்து ரிடையர் ஆனவர்" என்று என் மகள் அப்போதுதான் அறிமுகம் செய்திருந்தாள். இதற்கு மான்ட்ரியாலில் வழக்கமாக வரும் பதில், குளிர் ஒத்துக்கொள்கிறதா என்பதுதான். நான் அதற்கான பதிலோடு தயாராக இருந்தேன்.

வடையை விழுங்கிவிட்டு, "வாய்தா போடறது ஜட்ஜ், மேடம். நான் தேதி மட்டும்தான் எழுதுவேன்" என்றேன்.

"அதனாலதான் உங்களைக் கேட்டேன்" என்றார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. முப்பத்து நான்கு வருடம் ஜில்லா கோர்ட்டின் கட்டுகளையும் பதிவேடுகளையும் கட்டிக் காத்தவன் நான். மாவட்ட நீதிபதிகளே என்னிடம் குரலைத் தாழ்த்தித்தான் நடைமுறை கேட்பார்கள். இந்த அம்மாள் பருத்திப் புடவைமேல் ஆண்கள் போடும் கனத்த கோட்டை மாட்டிக்கொண்டு, என் பதிலுக்கு அவசரமாகக் காத்திருந்தார்.

அவருக்கு அப்போது அறுபது இருக்கும். சென்னையிலிருந்து வந்து முப்பது வருடம் ஆகியிருந்தது. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள கல்லூரியில் சரித்திரம் கற்பித்தார். எதையும் நாளைக்கு என்று வைக்கத் தெரியாதவர். வந்த கடிதத்தைத் தபால் பெட்டி அருகிலேயே நின்று படித்து, அங்கேயே பதில் எழுதிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார். ஜனவரியில் கார் எஞ்சின் சூடாக நாங்களெல்லாம் பத்து நிமிடம் விடுவோம். அவர் சாவியைத் திருப்பியதும் கிளம்புவார். கார் இருமிக்கொண்டே போகும். தன் ஈமச்சடங்குக்கான ஏற்பாட்டைக்கூட முடித்து வைத்திருந்தார். "எல்லாம் ரெடி சார், தேதி மட்டும்தான் பாக்கி" என்று ஒருநாள் சாம்பாரைப் பரிமாறிக்கொண்டே சொன்னார். எனக்கு அன்றைக்கு இரண்டாவது கரண்டி இறங்கவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இளவயதில் பெண் பார்க்க வந்தவர்கள், "ஊருக்குப் போய்க் கடிதம் போடுறோம்" என்றார்களாம். "கஷ்டப்பட வேண்டாம், நான் இப்பவே இல்லைன்னு சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டாராம்.

இப்படிப்பட்டவருக்கு வாழ்க்கை வரலாறு எழுத ஓர் ஆள் கிடைத்திருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க நீதிபதி; அரசியல்வாதியும்கூட. எல்லைக்குத் தெற்கே, எங்கள் ஊரிலிருந்து காரில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் மாவட்டத்துக்காரர். தோல் பதனிடுபவரின் மகன். ஒரு வக்கீல் அலுவலகத்தைப் பெருக்கித் துடைத்துக்கொண்டே சட்டம் படித்தவர். முப்பத்திரண்டு வயதில் நீதிபதி, பிறகு மாநிலச் சட்டசபை, பிறகு வாஷிங்டனில் இரண்டு தடவை உறுப்பினர். கவர்னர் தேர்தலில் தோற்று, மறுபடி வந்து பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தவர். அம்மாள் பத்து வருடமாக இந்த மனிதரோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்.

காரணம் ஒன்றுதான். அந்த நீதிபதி வாய்தா கொடுத்ததே இல்லை. காலையில் வந்த வழக்கு மாலையில் முடிந்துவிடும். 'இன்றைய வழக்குக்கு இன்றே தீர்ப்பு' என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டாராம்.

"ஜட்ஜ் ஓட்டுக் கேட்டாரா?" என்றேன்.

"ஆமா சார். அங்கெல்லாம் ஜட்ஜுக்கும் எலெக்ஷன். வீடு வீடாப் போய்க் கேட்டார்."

"வாதி வீட்டுக்குமா?"

"பிரதிவாதி வீட்டுக்கும்."

அன்று இரவுச் சாப்பாட்டில் என் மகளிடம் இதை இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் அவள் அதிர்ச்சி அடையவில்லை. இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியதில் இழந்தவற்றில் அதுவும் ஒன்று.

அந்தக் காலத்துக் கோர்ட்டுப் பதிவேடுகளின் நகல்களை அம்மாள் கட்டுக் கட்டாக வைத்திருந்தார். கையெழுத்து படிக்க முடிந்தது, நடைமுறை புரியவில்லை. எந்த ஏடு எதற்கு, எந்தக் குறி எதைச் சொல்கிறது என்று சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். மண்டபத்தில் என்னை அவமானப்படுத்திய மறுநாளே தொலைபேசியில் அழைத்து வேலைக்கு வரச் சொன்னார். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். "யோசிங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்றார்.

இல்-பிசாரில் என் மகள் வீட்டு வாசலில் பஸ் எப்போதாவது ஒன்று வரும். எனவே செவ்வாய்க்கிழமைகளில் அவரே வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவார். அவருடைய சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து படிப்போம். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு வெள்ளைக்கார குமாஸ்தாவும் நானும் ஒரே ஜாதி என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அவனும் பெயர்களின் கீழ் இரட்டைக்கோடு போட்டான். அவனும் நீதிபதியின் தவறுகளைத் திருத்தாமல், பக்கத்தில் சின்னப் புள்ளி வைத்தான்.

சாட்சிகள் கோர்ட்டுக்கு வந்ததும் பெயர் கொடுக்கும் ஏடு ஒன்று இருந்தது. அம்மாள் அதை ஒதுக்கி வைத்திருந்தார். நான் அதைத்தான் முதலில் எடுத்தேன். எங்கள் தொழிலில் உண்மை அந்த மாதிரி ஏடுகளில்தான் தங்கும். குதிரை திருடியதாக ஒரு வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவன் கியூபெக்கிலிருந்து பிழைக்கப் போன பிரெஞ்சுக்காரப் பண்ணையாள். அந்த மாவட்டத்து ஏரிக்கு வடக்கே ஒரு சாட்சி இருக்கிறார், மூன்று நாளில் வந்துவிடுவார், அதுவரை பொறுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறான். நீதிபதி மறுத்து, அன்றே ஏழு வருடம் தண்டனை கொடுத்துவிட்டார். இது எல்லாம் அம்மாளுக்குத் தெரியும். நீதிபதியின் சுறுசுறுப்புக்கு உதாரணமாக எழுதியும் இருந்தார்.

சாட்சி ஏட்டில், மூன்றாம் நாள் தேதிக்கு நேராக அந்தச் சாட்சியின் பெயர் இருந்தது. பக்கத்தில் குமாஸ்தா, 'வந்தார். வழக்கு முடிந்துவிட்டது' என்று எழுதியிருந்தான். சின்னப் புள்ளி. பக்கத்தின் அடியில், வழக்கம்போல் பார்வையிட்டதற்கு அடையாளமாக, நீதிபதியின் கையெழுத்து.

அம்மாள் அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். "பண்ணையாள் அந்தக் குளிர்காலத்திலேயே ஜெயில்ல செத்துப்போனான், சார்" என்றார். பிறகு, "இவருக்குத் தெரிஞ்சிருக்கு. கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிருக்கார். அதுக்கப்புறம் முப்பது வருஷம் இருந்தார். அதே கோஷத்தை வச்சு ஜெயிச்சார்" என்றார்.

அன்றே உட்கார்ந்து முதல் மூன்று அத்தியாயங்களைக் கிழித்தார். நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு வெற்றிக் களிப்பு. வாய்தாவுக்கு எதிராக வாதாடியவர் தோற்றுவிட்டார்.

இந்தக் களிப்பில்தான் அடுத்த காரியத்தைச் செய்தேன்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மளிகைக் கடையின் பின்னறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காருவேன். ஈழத்துப் பிள்ளைகளுக்கு மனு, விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் பொழுதுபோக்கு. அந்தக் கடையில் சரக்குப் பொதி கட்டும் பெண் ஒருத்தி மன்னாரிலிருந்து வந்தவள், கத்தோலிக்கர், முப்பது வயதிருக்கும். பிரெஞ்சு மட்டுமே பேச விரும்பும் ஏழு வயது மகள் அவளுக்கு. கணவனைப் பிடித்துக்கொண்டு போய்ச் சுட்டுவிட்டார்கள். உடலைத் தரவில்லை. ஒரு வாரத்தில் இவள் மகளோடு கொழும்புக்கு ஓடிவந்து, பிறகு இங்கே வந்து அகதி விண்ணப்பம் போட்டிருந்தாள். அகதிகள் சபை முன்னால் விசாரணை பிப்ரவரியில். கணவன் இறந்ததற்குப் பங்குக் கோயில் பதிவேட்டிலிருந்து ஒரு சான்று வேண்டும். நான்தான் எழுதிக் கேட்டேன். அந்த ஃபாதர் இடம்பெயர்ந்து வவுனியாவில் இருந்தார். பதிவேடுகளையும் கூடவே தூக்கிக்கொண்டு போயிருந்தார். கொழும்பு வழியாகச் சான்று என் விலாசத்துக்கே வந்தது.

வந்த சான்றில் இறந்த தேதி இருந்தது. அடக்கம் நடந்த தேதி என்ற கட்டம் காலியாக இருந்தது. குறையுள்ள பத்திரம். இப்படி ஒன்றை என் கோர்ட்டில் நீட்டியிருந்தால் வாங்கியே இருக்க மாட்டேன். எந்தக் கட்டமும் வெறுமையாக இருக்கக் கூடாது, இருந்தால் சபை ஏற்காது, பூர்த்தி செய்து முத்திரையோடு அனுப்ப வேண்டும் என்று நடைமுறையை விளக்கி, சான்றை ஃபாதருக்கே திருப்பி அனுப்பினேன். நல்ல கடிதம் அது. நகல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

விசாரணை நாளன்று அம்மாள்தான் எங்களைக் காரில் கூட்டிப்போனார். சபையில் இரண்டு பேர். அந்தப் பெண் நடந்ததையெல்லாம் சொன்னாள். சபைக்காரர்களில் ஒருவரான அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோயில் சான்று இல்லாமலே மேற்கொண்டு நடத்தலாம், எங்களுக்குத் தடையில்லை என்றார்கள். அவளுடைய வக்கீல் ஐந்து நிமிடம் கேட்டு எங்களைத் தாழ்வாரத்துக்கு அழைத்துவந்தார்.

"இன்றே முடிப்போம். நன்றாகப் போகிறது" என்றார் அவர் பிரெஞ்சில். அம்மாள் அதைத் தமிழில் சொன்னார்.

"கூடாது" என்றேன் நான். "பத்திரம் இல்லாத வழக்கு பாதி வழக்கு. வாய்தா கேட்கச் சொல்லுங்க."

"தவணை எடுத்தால் பிழையா நினைக்கமாட்டினமோ, ஐயா?" என்றாள் அந்தப் பெண்.

"உன் உரிமை அது. யாரும் ஒன்றும் நினைக்க முடியாது."

அவள் அம்மாளைப் பார்த்தாள். "டீச்சர், நீங்கள் என்ன சொல்லுறியள்?"

இன்றே என்று சொல்லிவிடுவார், இவரோடு தாழ்வாரத்தில் சண்டை போட வேண்டிவரும் என்று நான் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அம்மாள் தரையைப் பார்த்தபடி நின்றார். ஏரிக்கு வடக்கேயிருந்து மூன்றாம் நாள் வந்த சாட்சியை நினைத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியும்.

"சார் சொல்றபடி செய்மா. சாட்சி வரட்டும்" என்றார்.

எனக்குத் தெரிந்து அவர் தள்ளிவைத்த ஒரே காரியம் அதுதான்.

சான்று ஜூனில் வந்தது. எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. நான் முத்திரையைப் பார்த்தேன், நேராக வக்கீலிடம் கொடுத்தேன். கட்சிக்காரரிடம் பத்திரத்தைக் காட்டுவது எங்கள் பழக்கமில்லை.

ஜூலையில் விசாரணை தொடர்ந்தது. சபையார் சான்றை அந்தப் பெண்ணிடம் நீட்டினார்கள். "உடலைத் தரவே இல்லை என்று சொன்னீர்கள். இதில் அவர் இறந்த வருடமே மே மாதம் அடக்கம் நடந்ததாக இருக்கிறது. எது உண்மை?"

அவள் அந்தத் தாளை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழுதாள் என்று சொல்ல முடியாது. முகம் முழுக்கத் தளர்ந்தது. "ஃபாதர் எழுதியிருந்தால் அது சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

"அப்படியானால் நீங்கள் முதலில் சொன்னது?"

"எனக்குத் தெரியேல்லை. ஃபாதர் பொய் எழுதமாட்டார்."

வக்கீல் பேனாவை மூடினார். நான் என்ன நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: இவள் பொய் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தேன். பத்திரமும் மனிதரும் முரண்பட்டால் மனிதரைச் சந்தேகிப்பது முப்பத்து நான்கு வருடப் பழக்கம்.

செப்டம்பர் கடைசியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. மேல் கோர்ட்டுக்குப் போகப் பதினைந்து நாள் அவகாசம். அதைத் தொலைபேசியில் அம்மாளிடம் விவரமாக எடுத்துச் சொன்னேன். முதல் வாரத்தில் என்ன, இரண்டாம் வாரத்தில் என்ன என்று.

"அந்தச் சான்று நகல்தானே, சார்? மூலப் புத்தகத்தை யார் பார்த்தா?"

"யாரும் பார்க்கவில்லை. முத்திரை இருக்கிறதே."

"நான் பார்த்துட்டு வரேன்."

யுத்தம் நடக்கிறது, கொழும்பிலிருந்து வவுனியாவுக்குப் போக ராணுவத்திடம் அனுமதி வாங்க வேண்டும், அது எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியாது என்றெல்லாம் சொன்னேன். பேசி முடித்த பிறகுதான் அவர் எப்போதோ தொலைபேசியை வைத்துவிட்டது தெரிந்தது. அன்று மாலை விமானத்தில் ஏறிவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் என் மகள் வீட்டு மணி அடித்தது. கன்னம் ஒட்டிப்போய், அதே கோட்டோடு நின்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சமையலறை மேஜையில் இரண்டு காகிதங்களை வைத்தார்.

ஒன்று, பதிவேட்டுப் பக்கத்தின் நகல். அடக்கம் நடந்த தேதிக்கு உரிய கட்டம் வெறுமையாக இருந்தது. மற்றொன்று என் கடிதம். ஃபாதர் அதைப் பதிவேட்டுக்குள்ளேயே மடித்து வைத்திருந்தாராம்.

"உங்க கையெழுத்துதானே, சார்?"

"ஆமாம்."

"கட்டம் காலியா இருந்தா அந்தப் பொண்ணைத் திருப்பி அனுப்பிடுவாங்கன்னு ஃபாதர் பயந்துட்டார். செத்துப்போனவருக்காகத் தான் பூசை வச்ச தேதியை எடுத்துச் சான்றுல எழுதிட்டார். புத்தகத்துல கை வைக்கலை. 'நான் செய்தது பிழையோ?'ன்னு என்னைக் கேட்டு அழுதார்."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். சரியான சான்று முதலிலேயே என் கைக்கு வந்திருந்தது. நான்தான் அதைப் பொய்யாக்கித் தரும்படி தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறேன்.

"அந்த ஜட்ஜ் தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போனார். நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"ஒரு உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் பண்ணலாம். நாளைக்குக் காலையில உட்கார்ந்து..."

அவர் என் பேத்தியின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தார்.

ஆயிரக்கணக்கான உறுதிமொழிப் பத்திரங்கள் என் கை வழியாகப் போயிருக்கின்றன. என் பெயரில் எழுதியது இது ஒன்றுதான். முதல் பத்தியில் என் படிப்பு, பதவி, சேவைக்காலம் ஆகியவற்றைக் குறிப்பிட்டேன். அவர் தோள்வழியே படித்துவிட்டு, "இதை யார் கேட்டா?" என்று குறுக்கே கோடு போட்டார். இரண்டாம் பத்தியில் பல்வேறு நாடுகளில் பதிவேடுகள் பராமரிக்கப்படும் முறைகளை விளக்கியிருந்தேன். அதையும் அடித்தார். கடைசியில் எஞ்சியவை ஐந்து வரிகள்: சரியான சான்று வந்தது, நான் திருப்பி அனுப்பினேன், தேதியைக் கேட்டு எழுதினேன், அந்தப் பெண்ணிடம் எதையும் காட்டவில்லை, பிழை என்னுடையது. மதியத்துக்குள் வக்கீல் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்திட்டேன்.

அது வேலை செய்தது. மேல் கோர்ட்டில் அனுமதி கிடைத்து, மறு விசாரணை நடந்து, தாயும் மகளும் இந்த நாட்டிலேயே தங்கினார்கள். அம்மாளின் புத்தகம் அவர் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் வெளிவந்தது. அதில் முதல் அத்தியாயமே பண்ணையாளைப் பற்றியதுதான். அந்த ஊர்க்காரர்கள் கோபமாக எழுதினார்களாம். எல்லாருக்கும் தபால் பெட்டி அருகிலேயே நின்று பதில் போட்டார். ஈமச்சடங்கும் அவர் ஏற்பாடு செய்திருந்தபடியே ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. இவையெல்லாம் பிறகு.

பத்திரத்தில் கையெழுத்திட்ட அன்று மாலையே என்னைப் பார்க் எக்ஸ்டென்ஷனுக்குக் கூட்டிப்போனார். முதலில் வக்கீல் சொல்லட்டும், நாம் பக்குவமாகப் பிறகு சொல்லலாம் என்றேன். அவர் வண்டியை நிறுத்தவில்லை. மூன்றாவது மாடி. அந்தப் பெண் கதவைத் திறந்ததும் அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். சுவரில் கணவனின் படம், அதன் கீழே தட்டில் மெழுகுவர்த்தி. மகள் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"டீச்சர், ஃபாதரைக் கண்டனீங்களோ? சுகமா இருக்கிறாரோ?"

"நல்லா இருக்கார்மா."

"இவரை எந்தப் பக்கம் அடக்கினது எண்டு சொன்னவரோ? சிலுவை ஒண்டு நட்டுவிடச் சொல்லி அண்ணைக்குக் கடிதம் எழுதி வச்சிருக்கிறன். இடம் தெரியாமல் அனுப்பேலாமல் கிடக்கு."

நிராகரிப்பைப் பற்றித்தான் நான் இத்தனை நாளும் யோசித்திருந்தேன். அந்தத் தேதியை இவள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று ஒருமுறைகூட நினைத்ததில்லை. விசாரித்துச் சொல்கிறோம் என்று சொல்லலாம். ஊருக்கு எழுதிக் கேட்கிறோம் என்று சொல்லலாம். பத்து வாக்கியங்கள் எனக்குத் தெரியும்.

"அடக்கமே நடக்கலைம்மா" என்றார் அம்மாள். "புத்தகத்துல அந்த இடம் காலியாத்தான் இருக்கு. நீ முதல்ல சொன்னதுதான் உண்மை."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் நின்ற இடத்திலேயே அந்த ஐந்து வரிகளையும் அவளிடம் சொன்னேன். கோர்ட்டுக்குச் சொன்னதைவிட மோசமாகச் சொன்னேன்.

அவள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் போடுவாள், வெளியே போகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். மெழுகுவர்த்தித் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"ஆரோ அவரை மண்ணுக்குள்ள வச்சிட்டினம் எண்டுதான், ஐயா, இந்த மூண்டு மாசமும் நான் நித்திரை கொண்டனான்."